வேலம்பாளையம் ஷெட்டில் ஒரு சி.என்.சி.

14 நவம்பர் 2023, செவ்வாய்

தீபாவளிக்குச் சொந்த ஊர் போனவர்கள் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை எந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்தும் "ஓவர்லாக் நின்னு போச்சுங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன் வராது. ஷெட்டை ஒதுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பழைய பேட்லாக் தலைகள், கால் உடைந்த ஸ்டாண்டுகள், மிஷின் பலகைகள் எல்லாம் வடக்குச் சுவரோரம் போய்விட்டன. தரையில் சாக்பீஸால் 1000-க்கு 800 மில்லிமீட்டர் கட்டம் போட்டிருக்கிறேன். நானே செய்யப் போகும் சி.என்.சி. ரௌட்டர், அதாவது எண்களைக் கொண்டு கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மிஷின், இங்கேதான் நிற்கப் போகிறது. வெட்டும் பரப்பு 600-க்கு 400.

எதற்காக என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். போலோ டி-ஷர்ட்டில் பிளாக்கெட், பாக்கெட், பட்டன் இடம் இதற்கெல்லாம் குறி வைக்க நம் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் இன்றைக்கும் பேட்டர்ன் அட்டைதான். ஆயிரக்கணக்கான பீஸுக்குப் பென்சிலும் சாக்கும் உரசினால் அட்டையின் விளிம்பு தேயும். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் போனால் இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு. பாக்கெட் கோணும், செக்கிங்கில் பீஸ் தங்கும், கூலியில் பிடித்தம் விழும். அதே அச்சை 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வெட்டிக் கொடுத்தால் ஆர்டர் முடிந்த பிறகும் அளவு அப்படியே இருக்கும். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளிடம் துணியையே கம்ப்யூட்டர் வெட்டும் மிஷின் இருக்கிறது. பத்து பவர்டேபிள் போட்டு நடத்துகிறவருக்கு அந்த மிஷின் எட்டாது. சரியான அளவாவது அவருக்கு எட்ட வேண்டும் என்றுதான் இந்த வேலை.

15 நவம்பர், புதன்

கட்டிங் மாஸ்டர் மாமா வந்தார். முப்பது வருஷமாகக் கத்தி மிஷின் பிடிக்கிற கை. கட்டத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ள, போன மாசம் வெட்டுன எம் சைஸ் அட்டை இப்ப எஸ்ஸுக்குப் பக்கத்துல வந்துருச்சு. நீ என்ன பண்ணுவியோ தெரியாது, தேயாத அட்டை ஒண்ணு வேணும்" என்றார். எனக்கு ஆர்டர் கிடைத்த மாதிரி.

அவருக்கு ஜோசஃப் கெர்பர் கதையைச் சொன்னேன். 1924-இல் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். கல்லூரியில் கணக்குப் போட அவருக்கு நீளவும் சுருங்கவும் கூடிய ஸ்கேல் ஒன்று தேவைப்பட்டது. போட்டிருந்த பைஜாமாவின் இடுப்பு எலாஸ்டிக்கை வெட்டி எடுத்து, அதன்மேல் சம இடைவெளியில் கோடு போட்டு ஸ்கேலாக்கிக்கொண்டார். அந்த மனிதர்தான் பின்னால், 1960-களின் கடைசியில், அடுக்கிய துணியைக் கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மிஷினைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நம்மூர்ப் பெரிய கம்பெனிகளில் ஓடுவதெல்லாம் அந்த வழி வந்தவை. "எலாஸ்டிக்ல இருந்து ஆரம்பிச்சானா?" என்று மாமா இரண்டு தரம் கேட்டார். எலாஸ்டிக் ரோல் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

18 நவம்பர், சனி

சட்டம் எதில் செய்வது என்று யோசனை. அலுமினியம் புரொஃபைல் வாங்கினால் போல்ட் முடுக்கி ஒரே நாளில் நிறுத்திவிடலாம். ஆனால் விலை அதிகம். தவிர, அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் பழக்கம் இரும்பு. கட்டிங் டேபிளிலிருந்து அயர்ன் டேபிள் வரை இந்த ஊர் முழுக்கச் சதுரப் பைப்பில்தான் நிற்கிறது.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். குறுக்கு பீமுக்கு 80-க்கு 40, 3 மில்லிமீட்டர் கனம் உள்ள பைப் என்று வைத்துக் கணக்குப் போட்டான். இரண்டு தாங்கலுக்கும் நடுவே 640. நடுவில் ஐந்து கிலோ விசை கொடுத்தால் பீம் எவ்வளவு வளையும்? விடை 0.0025 மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. "அப்ப பீம் பிரச்சினையே இல்ல மாமா" என்றான். ஆமாம், இல்லைதான். ரௌட்டர் ஆடுவது பீம் வளைந்து அல்ல. வெட்டுளியைச் சுழற்றும் ஸ்பிண்டில் பீமைவிட்டு எவ்வளவு முன்னால் தொங்குகிறது, அதை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சின் தகடு எவ்வளவு கனம், போல்ட் உட்காரும் இடம் சமமாக இருக்கிறதா என்பவற்றில்தான் ஆட்டம் பிறக்கிறது. ஆகவே ஸ்பிண்டிலைப் பீமோடு எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டி வரையச் சொன்னேன். இசட் தகடு 12 மில்லிமீட்டர் அலுமினியம்.

19 நவம்பர், ஞாயிறு

அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தெருவில் ஆளே இல்லை. ஒன்பது மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் டிவி அமர்ந்துவிட்டது. நாங்கள் வரைபடத்தை முடித்துவிட்டோம்.

25 நவம்பர், சனி

வெல்டிங் இன்று. ஃபேப்ரிகேஷன் பட்டறை அண்ணனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: முழு மூட்டையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். முதலில் எல்லா மூலையிலும் புள்ளி வைத்து, குறுக்கு மூலை அளந்து, பிறகு எதிர் எதிர் மூலையாக மாறி மாறி ஓட்ட வேண்டும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும் பக்கம் பைப்பை இழுக்கும். "கேட்டுக்கும் ஜன்னலுக்கும் இத்தனை பாத்தா பொழப்பு ஓடுமுங்களா" என்றார். ஆனால் சொன்னபடியே செய்தார், ஒவ்வொரு மூட்டையும் பொறுமையாக ஆறவிட்டார்.

எப்படிச் செய்தாலும் வெல்டிங் போட்ட சட்டம் லீனியர் ரெயில் உட்காரும் அளவுக்குச் சமமாக இருக்காது. ரெயிலுக்கு வேண்டியது நூறில் சில பங்கு மில்லிமீட்டர் சமம். அதனால் ரெயில் வரும் இடங்களில் 12 மில்லிமீட்டர் பட்டை இரும்பை வெல்டு செய்துவிட்டோம். கோவையில் மில்லிங் போட்டால் நான்கு பட்டையும் ஒரே தளத்துக்கு வந்துவிடும்.

29 நவம்பர், புதன்

சட்டத்தை டாட்டா ஏஸில் ஏற்றி அவிநாசி ரோட்டில் கோவை போனோம். கணபதிப் பக்கம் பிளானோ மில்லிங் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை. மிஷின் மேஜையில் சட்டத்தை இறுக்கும்போதே அதை வளைத்துவிடக் கூடாது என்று அந்த ஆபரேட்டர் நான்கு காலுக்கும் அடியில் மெல்லிய தகடு கொடுத்துக் கொடுத்து, ஆட்டம் நின்ற பிறகே கிளாம்ப் போட்டார். இறுக்கிய நிலையில் சமமாக வெட்டிவிட்டு, தளர்த்தியதும் சட்டம் பழைய வளைவுக்குத் திரும்பினால் வெட்டியதும் வீணாகிவிடும். யாரும் சொல்லித்தராமல் கைக்குள் இருக்கிற அறிவு இது. ஒன்றரை மில்லிமீட்டர் எடுத்த பிறகு பட்டைகள் கண்ணாடி போலப் பளபளத்தன.

வேலை முடியும்வரை அந்த வட்டாரத்தைச் சுற்றி வந்தேன். வார்ப்பு, கடைசல், பம்பு, மோட்டார் என்று ஒவ்வொரு சந்தும் ஒரு தொழிற்சாலை. சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துத்தான் இயந்திரம் படித்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். மோட்டார் இந்த ஊரில் கிடைத்ததால்தான் 1955-இல் பி. சபாபதி அதை ஆட்டுக்கல்லோடு இணைத்து வெட் கிரைண்டர் செய்ய முடிந்தது. நூற்பு மிஷின் செய்யத் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் இன்றைக்கு சி.என்.சி. லேத்தும் செய்கிறது.

ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருப்பூரில் நாங்கள் வேறு வழி போய்விட்டோம். நிட்டிங்குக்கு ஜெர்மனி மேயர், தையலுக்கு ஜப்பான் ஜூகி, பெகாசஸ், யமாட்டோ. வாங்கினோம், ஓட்டினோம், பழுது பார்த்தோம். அந்த மிஷின்களை உள்ளும் புறமும் அறிந்த மெக்கானிக்குகள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களில் அநேகருக்குச் சொந்தமாக ஒரு மிஷின் செய்யும் வாய்ப்பே அமையவில்லை. இது என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. திறமை இல்லாமல் அல்ல. செய்தால் கூலி கொடுக்க ஆள் இல்லாமல்.

5 டிசம்பர், செவ்வாய்

சென்னையில் மிக்ஜாம் புயல் மழை. ரிச்சி தெருவிலிருந்து வர வேண்டிய மோட்டார் டிரைவர்களும் பவர் சப்ளையும் கிளம்பவில்லை. கடைக்காரருக்குப் போன் போடவே மனம் வரவில்லை. அங்கே வீட்டுக்குள் தண்ணீர்.

கையில் இருப்பது ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் மாணவர்களுக்காகத் தொடங்கியது இந்தப் போர்டு வரிசை. அதில் ஏற்றும், மோட்டார்களை ஓட்டும் ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருளை 2009-இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். அதன் பிறகு சன்னி ஜியான் என்பவர் பல வருஷம் அதை மெருகேற்றினார். முகம் தெரியாத இரண்டு பேர் உழைப்பு இன்று என் மேஜை மேல் இருக்கிறது. நன்றி சொல்ல வழி தெரியவில்லை. இந்த மிஷினின் வரைபடத்தையும் கேட்பவர்களுக்குத் திறந்து கொடுப்பதுதான் சரி என்று தோன்றுகிறது.

9 டிசம்பர், சனி

ரெயில்கள் உட்கார்ந்தன. 15 மில்லிமீட்டர் ரெயில், அதன்மேல் பால் பேரிங் கட்டைகள். பால் ஸ்க்ரூ 16 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். ரெயிலும் ஸ்க்ரூவும் வெளிநாட்டுச் சரக்கு. அவற்றை இங்கே செய்ய முடியும் என்று நான் எழுதினால் பொய். மோட்டார் பிடிக்கும் தகடு, ஸ்பேசர், ஸ்பிண்டில் பிடி எல்லாம் நம் லேத் பட்டறை அண்ணன் கை வேலை.

முதல் ரெயிலை நேர்விளிம்பு வைத்து இறுக்கினோம். இரண்டாவது ரெயிலை முடுக்காமல் விட்டு, அதன் கட்டையில் டயல் கேஜைப் பொருத்தி, முதல் ரெயிலோடு ஒப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டாக முடுக்க வேண்டும். முள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 0.03-க்குள் நின்றது. ஓவர்லாக்கில் லூப்பருக்கும் ஊசிக்கும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பழகிய கண்ணுக்கு இந்த வேலை புதிதல்ல. ஊசியில் லூப்பர் உரசினால் முனை போகும், விலகினால் தையல் விடும். அந்தப் பதத்தை வெறும் கண்ணாலேயே பிடிக்கிற மெக்கானிக் தம்பிகள் என்னைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களை ரெயில் முடுக்கக் கூப்பிட்டேன். இரவு பதினொரு மணி வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

10 டிசம்பர், ஞாயிறு

மூலைமட்டம் இன்று. சட்டத்தின் நான்கு துளைகளையும் 800-க்கு 600 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கணக்கில் குறுக்கு மூலை சரியாக 1000 வர வேண்டும்; மூன்று, நான்கு, ஐந்து. வீடு கட்டும் கொத்தனார் கயிறு பிடித்து வாணம் தோண்டுகிற அதே கணக்கு. இரண்டு குறுக்கும் ஒத்து வந்தது.

16 டிசம்பர், சனி

சென்னைப் பார்சல் வந்துவிட்டது. இன்று மோட்டார் சுழன்றது.

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு துடிப்புக்கு 1.8 டிகிரி திரும்பும். முழுச் சுற்றுக்கு 200 துடிப்பு. டிரைவரில் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600. ஒரு சுற்றுக்கு ஸ்க்ரூ 5 மில்லிமீட்டர் நகர்த்துவதால் மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. இந்த எண்ணைத்தான் ஜி.ஆர்.பி.எல்.-இல் ஒவ்வொரு அச்சுக்கும் எழுத வேண்டும். ஊனோ நொடிக்குச் சுமார் 30,000 துடிப்பு வரை அனுப்பும். அப்படியானால் மேல் வேகம் நிமிடத்துக்கு 5600 மில்லிமீட்டர் சொச்சம். நமக்கு வெட்டுவதற்கு அதில் நாலில் ஒரு பங்கு போதும்.

100 மில்லிமீட்டர் நகரச் சொன்னேன். நகர்ந்தது. வெர்னியரில் பார்த்தபோது அக்கா மகன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

அவனுக்கு இரவில் ஜக்கார்ட் கதை சொன்னேன். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து நெசவாளி ஜோசப் மரி ஜக்கார்ட், ஓட்டை போட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறிக்குப் பூ வரையக் கற்றுக்கொடுத்தார். ஓட்டை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஹெலிகாப்டர் இறக்கைக்கு அச்சு வெட்ட வழி தேடிய அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், எண்களைக் கொண்டே மில்லிங் மிஷினை ஓட்டும் யோசனையைக் கிளப்பினார். எம்.ஐ.டி. ஆய்வகம் 1952-இல் ஓட்டைக் காகித நாடாவில் எண் ஏற்றி ஒரு மில்லிங் மிஷினை ஓட்டிக் காட்டியது. ஓட்டையிட்ட அட்டைக்கு இயந்திரத்தை முதலில் பழக்கியது துணித் தொழில்தான். அந்த வித்தை இரும்புக்குப் போய், சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருகிறது. பனியன் ஊரில் இருந்துகொண்டு சி.என்.சி. நமக்கு அந்நியம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

21 டிசம்பர், வியாழன்

எங்கும் எழுதியிராத ஒரு எதிரி இங்கே உண்டு: பஞ்சு. ஷெட்டுக்கு அந்தப் பக்கம் மனைவி ஓவர்லாக் ஓட்டுகிறாள். காட்டன் துணி வெட்டுப்பட்டுப் பறக்கிற தூசு கிரீஸ் போட்ட ஸ்க்ரூ மேல் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் கம்பளியாகத் திரண்டுவிடும்; பால் ஓடும் பாதைக்குள் புகுந்தால் ஸ்க்ரூ இறுகும். விற்கிற மடிப்பு உறைகள் என் அளவுக்குக் கிடைக்கவில்லை.

அவள் வந்து பார்த்தாள். "ஏனுங்க, ரெக்சின்ல மடிப்பு வெச்சு, உள்ள பேட்டர்ன் அட்டையைப் பட்டை பட்டையா குடுத்துத் தெச்சா நிக்காதுங்களா?" என்றாள். நின்றது. ஆர்மோனியப் பெட்டித் துருத்தி மாதிரி விரிந்து சுருங்குகிறது. பட்டையின் அகலம், மடிப்பின் ஆழம், இரண்டு முனையிலும் பிடிக்க எவ்வளவு விட வேண்டும் எல்லாம் அவளே கணக்குப் போட்டாள். தேய்கிறதென்று நான் குறை சொல்லும் அட்டை இங்கே உள்ளே நின்று காவல் காக்கிறது. வரைபடத்தில் இந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

24 டிசம்பர், ஞாயிறு

ஸ்பிண்டில் பூட்டியாயிற்று. 800 வாட், தண்ணீரில் குளிர்வது, 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று. தண்ணீருக்கு ஏர் கூலர் பம்பு. போர் தண்ணீரை ஊற்ற நினைத்த தம்பியைத் தடுத்தேன். நொய்யலோரத்து நிலத்தடி நீர் என்ன கதிக்கு ஆனதென்று நமக்குத் தெரியும். சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணை வரை போய்த் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இங்கே உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. மண்ணில் இறங்கிய உப்பு இன்னும் போகவில்லை. அந்தத் தண்ணீர் ஸ்பிண்டிலின் குறுகிய குழாய்களில் உப்புக் கட்டிவிடும். கேன் தண்ணீரும் வண்டிக்கு ஊற்றும் கூலண்டும் கலந்து ஊற்றினோம்.

ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும், எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்சைத் தொடாமலேயே மிஷின் தொட்டதாக நினைத்து நின்றது. ஸ்பிண்டிலை ஓட்டும் வி.எஃப்.டி. மின்சாரத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறது; அந்த இரைச்சல் பக்கத்து வயரில் ஏறிவிடுகிறது. ஸ்பிண்டில் வயரை வலப் பக்கமும் சுவிட்ச் வயரை இடப் பக்கமுமாகப் பிரித்து, சுவிட்ச் வயருக்குக் கவசம் போட்ட கேபிள் கொடுத்து, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்த்தோம். சுவிட்சையும் எப்போதும் மூடியே இருந்து, தொட்டால் திறக்கும் விதத்துக்கு மாற்றினோம். வயர் அறுந்தாலும் மிஷின் நின்றுவிடும், அது பாதுகாப்பு. எலக்ட்ரீசியன் மச்சான் பழைய எர்த் குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் புதிதாக இட்டார். பிறகு நிற்கவில்லை.

27 டிசம்பர், புதன்

முதல் வெட்டு, எம்.டி.எஃப். பலகையில். படுக்கைப் பலகையையே ஸ்பிண்டிலால் ஒரு முறை மேலோட்டமாகச் சீவி எடுத்துக்கொண்டோம். அப்போது பலகையின் தளம் மிஷினின் தளமாகவே ஆகிவிடுகிறது. கிளாம்புகள் பித்தளை. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் மிச்சத் துண்டுகள் கேட்டு வாங்கி வந்தேன். இரும்புக் கிளாம்பில் வெட்டுளி மோதினால் சிதறிக் கண்ணுக்கு வரும். பித்தளை மிருது, அதன் மேல் கீறிக்கொண்டு போய்விடும். எம்.டி.எஃப். தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாதென்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. சிவப்பு நிறுத்து பட்டன் கதவுப் பக்கம், ஓடி வந்து அடிக்கும்படி.

2 ஜனவரி 2024, செவ்வாய்

மிஷின் போடும் மூலை மட்டமா என்று இன்று சோதனை. 400-க்கு 300 கட்டத்தின் நான்கு மூலையிலும் துளை போடச் சொல்லி, இரண்டு குறுக்கையும் அளந்தோம். இரண்டுமே 500 வர வேண்டும். ஒன்று மற்றதைவிட 0.6 மில்லிமீட்டர் நீளம். கணக்குப் போட்டால் 400 தூரத்துக்கு அரை மில்லிமீட்டர் சாய்வு. 640 நீளப் பீமுக்கு அது 0.8. பீமின் ஒரு முனைப் போல்ட்டுகளைத் தளர்த்தி, 0.8 ஃபீலர் கேஜை இடையில் கொடுத்து நகர்த்தி முடுக்கினோம். மறு துளையில் இரண்டு குறுக்கும் ஒன்று.

இந்தச் சோதனையைக் கட்டிங் மாஸ்டர் மாமா கூடவே இருந்து பார்த்தார். அரை மில்லிமீட்டர் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்ததில் அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. அட்டையில் அந்த அரை மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாமல் போய்த் துணியில் விழுந்திருக்கும்.

6 ஜனவரி, சனி

அக்ரிலிக். இதில்தான் கவனம். 100 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே இளகிவிடும் பொருள் இது. வெட்டுளி மெதுவாகப் போனால் நல்லதென்றுதான் யாருக்கும் தோன்றும். மெதுவாகப் போனால் வெட்டாமல் உரசும், உரசல் சூடாகும், உருகிய பிளாஸ்டிக் வெட்டுளியைச் சுற்றிக்கொள்ளும். சூடு துருவலோடு வெளியே போக வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றுக்கும் கனமான துருவல் விழ வேண்டும். ஒற்றை வாய் வெட்டுளி, 12,000 சுற்று, சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர்: நிமிடத்துக்கு 1200. ஆழம் ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர். வெள்ளைத் துருவல் பனி மாதிரிப் பறந்தது, விளிம்பில் உருகல் இல்லை. அச்சில் ஊற்றி வார்த்த அக்ரிலிக் தாளே இதற்கு ஏற்றது. அழுத்தித் தள்ளிச் செய்த மலிவுத் தாள் சீக்கிரம் இளகும். கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு சிக்கல் மாமா சொல்லித்தான் தெரிந்தது. பிளாக்கெட் வெட்டின் அடியில் கூர்முனை வேண்டும். 3.175 மில்லிமீட்டர் வட்ட வெட்டுளி உள் மூலையில் கூர்மை தராது, ஒன்றரை மில்லிமீட்டர் வளைவையே விடும். "முனையே வேண்டாம் மாப்ள. முனை வர்ற இடத்துல ஒரு சின்ன ஓட்டை போட்டுக் குடு, பென்சில் நுழையட்டும், புள்ளி விழுந்தாப் போதும்" என்றார். ஒரு மில்லிமீட்டர் துளை. எஸ், எம், எல், எக்ஸ்.எல்., டபுள் எக்ஸ்.எல்.: ஐந்து சைஸுக்கும் அப்படியே வரைந்தோம். ஒவ்வொரு அச்சின் மேலும் சைஸையும் துணி நீட்டத் திசையையும் மிஷினே செதுக்கிவிடுகிறது.

11 ஜனவரி, வியாழன்

முதல் செட்டை ஊத்துக்குளி ரோட்டில் ஒரு சின்ன யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்டேஷன் பக்கம் குமரன் நினைவகத்தில் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1932-இல் இதே நாள்தான் அவர் உயிர் போனது. வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

அந்த யூனிட்டில் பாக்கெட் குறி வைக்கும் அக்கா அச்சைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி அடியில துணி தெரியுதுங்கண்ணா, கோடு எங்க விழுதுன்னு பாத்துட்டே போடலாமுங்க" என்றார். தேய்மானத்தை நினைத்துத்தான் அக்ரிலிக்கைத் தேர்ந்தேன். அடியில் துணியின் கண் தெரிகிற பயனைக் கண்டுபிடித்தது அவர். ஸ்ட்ரைப் துணியில் பாக்கெட்டைக் கோட்டோடு கோடு பொருத்த இது எவ்வளவு உதவும் என்று அங்கேயே செய்து காட்டினார். அடுத்த செட்டில் அச்சின் நடுவே, ஸ்ட்ரைப்புக்கு நேராகப் பிடிக்க ஒரு மெல்லிய கோடு செதுக்கப் போகிறேன்.

14 ஜனவரி, ஞாயிறு

நாளை பொங்கல். மங்கலத்திலிருந்து நிட்டிங் மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் தேவை சின்ன அச்சு இல்லை. டி-ஷர்ட்டின் முன் பாகம், பின் பாகம் முழுசாக வெட்ட வேண்டும். வெட்டும் பரப்பு ஒரு மீட்டராவது வேண்டுமாம். வரைபடத்தை அப்படியே கொடுத்தேன், மாற்ற வேண்டியதையும் சொன்னேன்.

தாங்கல் 640-லிருந்து 1000 ஆனால் பீம் வளைவு நான்கு மடங்கை நெருங்கும். அப்படியும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள்தான், அதே 80-க்கு 40 பைப் தாங்கும். சிக்கல் வேறு. அகலமான பீமை நடுவில் ஒரே ஸ்க்ரூவால் தள்ளினால், ஸ்பிண்டில் ஓரத்தில் வெட்டும்போது பீம் கோணிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஸ்க்ரூ, இரண்டு பக்கமும் மோட்டார் வேண்டும்; ஒரே துடிப்பை இரண்டு டிரைவருக்கும் பிரித்துக் கொடுக்கலாம், ஊனோவே போதும். சட்டத் துளைகளை 1200-க்கு 900 என்று வைத்தால் குறுக்கு 1500. துருத்தி உறைக்கு அளவு கேட்டு என் மனைவியிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

வெல்டிங் பட்டறை அண்ணன் கடை தைப்பொங்கலுக்கு நான்கு நாள் பூட்டு. வெள்ளிக்கிழமை திறந்ததும் இவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பைப் எடுக்க வேண்டும். மில்லிங் பட்டறைக்குப் போன் போட்டு, 1200 நீளம் அவர்கள் மேஜையில் ஏறுமா என்று அதற்குள் கேட்டுவிட வேண்டும்.